எந்தப் படகில் ஏற்றுவீர்கள்?

"கடல் கொந்தளிக்கறப்ப எதுங்க தம்பி நிக்கும், ஒத்தை ஹல்லா, ரெட்டை ஹல்லா?" என்று, படகு வரைபடத்துக்காக எங்களிடம் வந்திருந்த ஒருவர் கேட்டார். ஹல் என்றால் நீரில் மிதக்கும் படகின் உடல்; ரெட்டை ஹல் என்றால் அப்படி இரண்டு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த கேட்டமரான். படகு வடிவமைக்கிற நான் நேரே விடை சொல்லாமல் அவரிடமே நான்கைந்து கேள்விகளைக் கேட்டேன். எந்தக் கரை, எந்த மாதம், அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும், ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களா எழுந்து நடமாடுவார்களா, காற்று ஏறினால் படகைத் திருப்புகிற அதிகாரம் ஓட்டுநருக்கு உண்டா என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அதெல்லாம் இருக்கட்டுங்க. என்ற பேத்திய நீங்க எதுல ஏத்தி உடுவீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"அலை ரெண்டு மீட்டரத் தாண்டற நாள்ல ரெண்டுலயுமே ஏத்தமாட்டனுங்க" என்று சொன்னேன். அவர் மேசையிலிருந்த இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரட்டை ஹல் படத்தை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று எழுந்துவிட்டார். படகைக் கட்டுவதற்கு அவர் வேறிடம் போனதும், அங்கே "இது கவிழவே கவிழாது" என்று ஒரே வாக்கியத்தில் உறுதி கொடுத்ததும் பின்னால்தான் தெரிய வந்தன. வேலை கைநழுவியது எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அந்த விடையை மட்டும் மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. சில நாள் அது நேர்மையான விடையாகத் தெரிகிறது. சில நாள், கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பிய விடையாகத் தெரிகிறது.

அவர் விவரம் தெரியாதவர் அல்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். சம்பந்தியோடு சேர்ந்து தென்கடற்கரையில் 40 பேர் போகக்கூடிய 12 மீட்டர் சுற்றுலாப் படகு ஒன்று விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். பல டன் எடையைத் தலைமேல் சுமந்துகொண்டு மேடும் பள்ளமுமான காட்டுத் தடத்தில் இறங்குகிற வண்டி எந்த இடத்தில் சாயும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். "சக்கரத்துக்கு நடுவுல அகலம் இருந்தா வண்டி சாயாதுங்க. ரெண்டு ஹல்லும் அப்படித்தானுங்களே?" என்று கேட்டார். அந்த ஒப்பீட்டில் எனக்கு மறுப்பே இல்லை. அதைவிடப் பொருத்தமாக நானும் சொல்லியிருக்க முடியாது.

அன்று மேசையில் இருந்த எண்கள் அவர் பக்கம்தான் பேசின. இரண்டு படகுகளும் முழுச் சுமையோடு 12 டன். 3.5 மீட்டர் அகலமுள்ள ஒற்றை ஹல் படகுக்கு மெட்டாசென்டர் உயரம் 1.1 மீட்டர் அளவில் வந்தது. சாயத் தொடங்கும் படகு எவ்வளவு விறைப்பாக நிமிரப் பார்க்கிறது என்பதன் அளவு அது. இரண்டு ஹல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 4.5 மீட்டர் விட்ட கேட்டமரானுக்கு அதுவே 9 மீட்டர் அளவில் வந்தது. நீரைத் தொடும் பரப்பு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நிமிர்த்தும் திறன் கூடுவதால் வருகிற வேறுபாடு இது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்து, 40 பேரும் எதையோ பார்க்க ஒரே பக்கம் ஒதுங்குவதாகக் கணக்கிட்டால், ஒற்றை ஹல் படகு 12 டிகிரிக்குச் சாய்கிறது. கேட்டமரானில் தளம் அகலம் என்பதால் ஆட்கள் இன்னும் தள்ளிப் போய் நிற்க முடியும். அதையும் சேர்த்துக்கொண்டாலும் சாய்வு இரண்டரை டிகிரிதான்.

பயணிகள் படகு என்று வந்துவிட்டால் இதை யாரும் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் அலையே இல்லாத ஏரியில், கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கொச்சியில் 2023-இல் தொடங்கிய நீர் மெட்ரோவின் படகுகளும், 2017-இல் வைக்கத்தில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' சூரிய சக்திப் படகும் கேட்டமரான் வடிவில் கட்டப்பட்டதற்குக் காரணங்கள் பல. கூட்டம் இடம் மாறினாலும் படகு அதிகம் சாயாது என்பது அவற்றில் முக்கியமானது. ஆகவே "ரெட்டை ஹல்லுல ஏத்துங்க" என்று அன்று சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், நான் ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அவர் கேட்டது ஏரியைப் பற்றியோ காயலைப் பற்றியோ அல்ல. கொந்தளிக்கிற கடலைப் பற்றி. அங்கே 9 மீட்டர் என்ற அந்த எண் கதையின் தொடக்கத்தை மட்டும்தான் சொல்கிறது. படகு சாயச் சாய அதை நிமிர்த்தும் கை எவ்வளவு நீளமாகிறது, எந்தக் கோணத்தில் உச்சம் தொடுகிறது, எந்தக் கோணத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது என்பதைக் காட்டும் ஜிஇசட் கோடுதான் முழுக் கதை. நாங்கள் வரைந்த கேட்டமரானின் கோடு செங்குத்தாக ஏறி, ஏறக்குறைய 15 டிகிரியில் உச்சிக்குப் போய்விடுகிறது. அந்தக் கோணத்தில் ஒரு ஹல் நீரைவிட்டு மேலே கிளம்பிவிடும். அதற்குமேல் எடை முழுவதையும் மற்றொரு ஹல்தான் தாங்க வேண்டும். அங்கிருந்து கோடு இறங்கத் தொடங்கி 60 டிகிரிக்குப் பக்கத்தில் தீர்ந்துபோகிறது. ரிக் வண்டியின் உள்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பினால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய ஒப்பீட்டை அந்த இடம் வரை நான் எடுத்துச் சென்றிருந்தால், என் விடை அவருக்கு அவ்வளவு விட்டேற்றியாகத் தோன்றியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அதே மூச்சில், சக்கரம் எழும்புகிற பேச்சை எடுத்திருந்தால் அவர் கேட்டமரானையே வெறுத்து ஒற்றை ஹல்லுக்கு ஓடியிருப்பார் என்றும் நினைக்கிறேன். அதுவும் அவருக்கு நல்லதாகியிருக்காது.

ஏனென்றால் ஒற்றை ஹல் படகு கவிழ்ந்தாலும் தானாக நிமிரும் என்று பரவலாக நம்பப்படுகிறதே, அந்த நம்பிக்கை அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்குகிற பாய்மரப் படகுகளைப் பார்த்து வந்தது. அவற்றுக்கு 110, 120 டிகிரி வரை நிமிரும் திறன் இருப்பது உண்மை. பிரிட்டனின் உயிர்மீட்புப் படகுகள் முழுக்கக் கவிழ்ந்தும் நிமிருமாறு கட்டப்படுகின்றன என்பதும் உண்மை. மூடிய கட்டமைப்பும் தாழ்ந்த எடையும் அவற்றுக்கு அந்தத் திறனைத் தருகின்றன. சன்னல்கள் திறந்திருக்க, பிளாஸ்டிக் நாற்காலிகளில் 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு சுற்றுலாப் படகுக்கு அப்படி எந்தத் திறனும் கிடையாது. அது ஒற்றை ஹல்லாக இருந்தாலும் பக்கவாட்டில் நீர் உள்ளே புகும் கோணத்தோடு அதன் கதை முடிந்துவிடும்.

அந்தத் திறனுள்ள பாய்மரப் படகுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1979 ஆகஸ்டில் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி, புயலில் சிக்கிப் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளை வைத்து நடத்திய சோதனைகள் ஒன்றைத் தெளிவாக்கின. உடைந்து விழும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 விழுக்காட்டைத் தொட்டால் சில ஒற்றை ஹல் படகுகள் கவிழ்கின்றன. 60 விழுக்காட்டைத் தொட்டால் சோதித்த எல்லாமே கவிழ்கின்றன. 12 மீட்டர் படகுக்கு அது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஏழு மீட்டர் வரை. சுற்றுலாப் படகு அப்படிப்பட்ட கடலுக்குள் போகவே கூடாது என்பது வேறு. அந்தப் பந்தயத்தில் 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள்; மூழ்கியவை 5 மட்டுமே. படகைவிட்டு இறங்கியவர்களில் சிலர் இறக்க, காலிப் படகுகள் பலவும் பின்னால் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. கேட்டமரான்காரர்கள் இதைத் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கம்: தங்கள் படகு கவிழ்ந்தாலும் மூழ்காது, அதைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம் என்பார்கள். அது பெரும்பாலும் சரிதான். ஆனால் கவிழ்ந்த கேட்டமரான் அந்தத் தலைகீழ் நிலையிலேயே உறுதியாக நின்றுவிடும். ஆட்பலத்தால் அதைத் திருப்ப முடியாது. தங்கும் அறை கொண்ட பாய்மரக் கேட்டமரான்களுக்கு, கவிழ்ந்த பின்னும் வெளியேற வழி வேண்டும் என்று, சிறு படகுகளின் நிலைத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 12217 தரநிலை கேட்பது அதனால்தான்.

தொடக்கத்தில் உறுதியாக நிற்பதும் கடைசிவரை தாங்குவதும் வேறு வேறு என்பதைக் கடற்படைகள் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றன. 1870 செப்டம்பரில் ஸ்பெயினின் வடமேற்குக் கரைக்கு அப்பால் பிரிட்டனின் 'கேப்டன்' போர்க்கப்பல் கவிழ்ந்து 480 பேர் அளவில் இறந்தார்கள். அதை வடிவமைத்தவரும் அவர்களில் ஒருவர். அதே இரவில், அதே கடலில் இருந்த 'மோனார்க்' தப்பியது. தொடக்க நிலைத்தன்மையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பக்கச்சுவர் தாழ்ந்த கேப்டனின் நிமிர்த்தும் திறன் 21 டிகிரியில் உச்சம் தொட்டு 54-இல் தீர்ந்தது. மோனார்க்குக்கு அது 70 டிகிரி வரை நீண்டது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்று நாக்கு நுனிவரை வந்தது. பேத்தியைப் பற்றிக் கேட்டவரிடம் 480 சாவுகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகப் படவில்லை, சொல்லவில்லை.

அலைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவில்லை. மெட்டாசென்டர் உயரம் மிகுந்த படகு அடிவானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்பதில்லை. தனக்குக் கீழே இருக்கிற நீரின் சரிவுக்கு ஒத்து நிற்கிறது. பிரிட்டிஷ் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1861-இலேயே விளக்கிய செய்தி இது. பக்கத்திலிருந்து செங்குத்தான அலை வந்தால் கேட்டமரான் அந்தச் சரிவோடு சேர்ந்தே சாயும், உடனே வெடுக்கென்று திரும்பும். எங்கள் கணக்கில் அதன் ஊசல் நேரம், அதாவது ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பும் நேரம், இரண்டு விநாடிக்கும் குறைவு. ஒற்றை ஹல்லுக்கு மூன்று விநாடி அளவு. எதிரலையில் இரண்டு ஹல்களையும் இணைக்கும் தளத்தின் அடிவயிற்றில் நீர் வந்து அறையும். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு வரை அந்த அடி ஏறும்; இணைப்புச் சட்டங்களும் ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டே இருக்கும். குறுக்குச் சரிவில் ஒரு ஹல் ஏற மற்றொன்று இறங்க, நடுத்தளம் முறுக்கப்படும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலானது இன்னொன்று. காற்று கூடும்போது ஒற்றை ஹல் படகு சாய்ந்து காட்டுகிறது. பாய்மரக்காரர் அந்தச் சாய்வைப் பார்த்துப் பாயைச் சுருக்குகிறார்; பயணி அதை உணர்ந்து கம்பியைப் பிடிக்கிறார்; ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். கேட்டமரான் காற்றுக்குச் சாயாமல் எல்லை வரை ஏறக்குறைய மட்டமாகவே போகிறது. அதனால்தான் கேட்டமரானில் பாயைச் சாய்வைப் பார்த்துச் சுருக்காமல் காற்றின் வேகத்தை அளந்து சுருக்க வேண்டும் என்று அதை ஓட்டுபவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். பாயில்லாத எந்திரப் படகுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் அலையும் காற்றும் ஒன்றாகச் சேர்கிற நாளில் அது முற்றிலும் இல்லாமல் போவதில்லை. அவருடைய கேள்விக்கு நான் விடை தேடிக்கொண்டிருந்த சில விநாடிகளில் மனத்தில் இருந்தது இதுதான். இரண்டு மீட்டர் என்ற எண் தரநிலையிலிருந்து வந்தது: கரையோரக் கடலுக்கான 'சி' வகைப் படகுக்கு அலை 2 மீட்டர், காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 என்பது மேல் எல்லை. அந்த எல்லைக்குள் கேட்டமரான்தான் நல்லது, அதற்கு வெளியே எதுவும் நல்லதில்லை என்பதே என் முழு விடை. அதில் பின்பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அறையில் உடனிருந்த மூத்த பொறியாளர் அன்று மாலை, "அவருக்கு வேண்டியது தைரியம். நீ கொடுத்தது கணக்கு" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. கடலில் இறங்கப்போகிறவருக்குத் தைரியத்தைக் கொடுப்பது எங்கள் வேலை அல்ல என்று சொன்னேன். "தைரியம் கொடுக்காட்டி அவரு அதைக் குடுக்கற எடத்துக்குப் போவாரு. அங்க கணக்கு இருக்குமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நடந்ததும் அதுவே.

படகு ஓடத் தொடங்கி ஒரு பருவம் முடிந்த பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். குரலில் எந்த வருத்தமும் இல்லை. "தம்பி, துளியும் சாயறதில்லீங்க. அத்தனை பேரும் ஒரே பக்கம் நின்னு போட்டோ எடுக்கறாங்க, அசையறதே இல்ல. மேல ஒரு தளம் போட்டு இன்னும் இருவது பேர ஏத்தலாமுங்களா?" என்று கேட்டார். எடைப் பட்டியல் அனுப்பச் சொன்னேன், நேர்த்தியாக அனுப்பினார். கணக்குப் போட்டோம். ஆட்களும் தளமுமாகக் கூடுதல் எடை 2 டன். மெட்டாசென்டர் உயரம் 9 மீட்டரிலிருந்து 7-க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். ஒருவருக்கும் எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை. ஆனால் படகு 8 சென்டிமீட்டர் தாழ்கிறது. நடுத்தளத்துக்கும் நீருக்கும் இருக்கும் இடைவெளியில் அந்த 8 சென்டிமீட்டர் போகிறது. காற்றை வாங்கும் பக்கம் பெரிதாகிறது. நிமிர்த்தும் திறன் தீர்கிற கோணம் பத்து டிகிரி அளவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. இதே தளத்தை அந்த ஒற்றை ஹல் படகின் மேல் போட்டிருந்தால் அதன் 1.1 மீட்டர் கால் மீட்டருக்கு அருகில் வந்து, துறையில் கட்டி நிற்கும்போதே படகு தள்ளாடியிருக்கும். ஏறுகிற முதல் ஆளே இறங்கியிருப்பார்.

நாங்கள் வேண்டாம் என்றே எழுதினோம். அவர் வற்புறுத்தவில்லை, தளத்தை மட்டும் லேசாகப் போட்டுக்கொண்டு, ஆள் எண்ணிக்கையை 40-க்கு மேல் கூட்டாமல், மேலே 12 பேருக்கு மேல் ஏற்றாமல் ஓட்டலாமா என்று கேட்டார். அதற்குக் கணக்கு இடம் கொடுத்தது. நிபந்தனையாக, அலை ஒன்றரை மீட்டரையோ காற்று பியூஃபோர்ட் 5-ஐயோ தாண்டினால் படகை எடுக்கக் கூடாது என்பதைப் பலகையில் எழுதி, ஏறுகிற வாசலில் எல்லோர் கண்ணிலும் படுமாறு மாட்ட வேண்டும் என்று எழுதினேன். மறுநாளே அழைத்தார். "இதைப் படிச்சுப்போட்டு யாருங்க தம்பி ஏறுவாங்க? ஓட்டறவனுக்குத் தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் ஓட்டுநர்தான். விடுமுறைக்கு வந்த குடும்பத்துக்குப் பியூஃபோர்ட் 5 என்றால் என்ன தெரியும்? பலகையை ஓட்டுநர் அறைக்குள் மாட்டிக்கொள்ளச் சம்மதித்துக் கடிதத்தைத் திருத்தினேன். மூத்த பொறியாளருக்கு அதில் திருப்தி. முதல் தடவை வளைந்துகொடுக்காமல் வாடிக்கையாளரை இழந்தோம், இந்தத் தடவை பலகையாவது படகில் இருக்கிறது என்றார். அவர் சொல்வதும் சரியென்றே படுகிறது. இருந்தாலும் மேலே நிற்கப்போகிற அந்தப் 12 பேரின் காலடியில் படகு காற்றுக்குச் சாயாது; எல்லை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு வேறு எதுவும் உணர்த்தாது. அந்தப் பலகையை அவர்களும் பார்க்க வேண்டும் என்று நான் ஏன் இன்னும் கொஞ்சம் வாதாடவில்லை என்பதற்கு என்னிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டு ஆய்வுக்காக அவர் படகைக் கரையேற்றும்போது, வாசலில் இன்னொரு பலகை மாட்டச் சொல்லி மறுபடியும் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.